உரிமையும் காவலும்

ஒரு பொருளைக் காக்க வேண்டியவர் யார் என்னும் வினாவும், அப்பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. வீட்டுக்குரியவன் வீட்டைக் காக்கிறான்; வயலுக்குரியவன் வயலைக் காக்கிறான். அங்கெல்லாம் உரிமையும் காவலும் ஒருவனிடமே இருத்தலால் சிக்கல் எழுவதில்லை. காடு அத்தகையதன்று. அதை நட்டவர் எவருமிலர். அதன் பயனை நுகர்வோரோ எண்ணிலர். காட்டோரத்தில் குடிசை கட்டி வாழ்பவளுக்கு அது விறகு, ஆயனுக்கு மேய்ச்சல் நிலம், மரவணிகனுக்குச் சரக்கு, அரசுக்கு வருவாய், தொலைவிலுள்ள நகரத்தாருக்குத் தண்ணீர், இன்னும் பிறவாத தலைமுறைக்கு ஒரு வைப்புநிதி. இத்தனை பேருக்கும் வேண்டிய ஒன்றை எவர் கையில் ஒப்படைப்பது? ஒப்படைக்கப்பட்டவர் எந்த உரிமையால் அதைக் காப்பார்?

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்து நிற்கும் நிலம் ஆப்பிரிக்கா. 2010ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கண்டம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 39 இலட்சம் ஹெக்டர் காட்டை நிகர அளவில் இழந்தது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டது. அப்பத்தாண்டில் வேறெந்தக் கண்டமும் இத்துணைப் பெரிய இழப்பைச் சந்திக்கவில்லை. ஆயினும் அதே கண்டத்தில், ஊர் மக்களே பொறுப்பேற்றுக் காட்டை மீட்டெடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு. அழிவும் மீட்பும் அருகருகே நிற்கும் அந்நிலத்தில், காவலின் அறம் யாது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

அரசின் உடைமையான காடு

ஐரோப்பியர் ஆட்சி வருமுன் ஆப்பிரிக்கக் காடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன என்று எண்ணுவது தவறு. கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் மிஜிகெண்டா மக்கள் தம் முன்னோர் குடியிருந்த காடுகளைக் ‘காயா’ என்று பெயரிட்டுப் புனிதமாகப் போற்றி வந்தனர். அங்கே மரம் வெட்டலாகாது. முறை தவறி நுழையலாகாது. முதியோர் அவை அவ்விதிகளைக் காத்தது. எழுதப்பட்ட சட்டமோ சீருடை அணிந்த காவலரோ இன்றிப் பல தலைமுறைகள் நின்ற அக்காடுகளை 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

குடியேற்ற ஆட்சியினர் வேறு கொள்கையைக் கொண்டுவந்தனர். காட்டைக் காக்க வல்லது அரசு ஒன்றே. அருகில் வாழும் மக்களே அதன் பகைவர். ஆதலால் எல்லைக்கல் நட்டு அவர்களை வெளியே நிறுத்த வேண்டும் என்பது அக்கொள்கை. நேற்றுவரை விறகு பொறுக்கியவள் இன்று திருடி எனப்பட்டாள். அவளிடம் யாதொரு மாற்றமும் இல்லை. சட்டம் மட்டுமே மாறியிருந்தது. 1960ஆம் ஆண்டையொட்டி நாடுகள் பல விடுதலை பெற்றன. ஆட்சியாளர் மாறினர், காட்டுச் சட்டம் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. அந்நியன் நட்ட எல்லைக்கல்லைத் தன்னாட்டு அதிகாரியே காத்து நின்றான்.

இக்கொள்கை விளைத்த கேட்டிற்கு நைஜர் நாடு தக்க சான்று. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டத்தின்படி அங்கே மரங்கள் அரசின் உடைமை. உழவன் தன் வயலில் முளைத்த மரத்தைக்கூடத் தன் விருப்பம்போல் வெட்டவோ கழிக்கவோ இயலாது, மீறினால் தண்டம். இதனால் உழவன் என்ன செய்வான்? கன்று மரமாக வளர்ந்தால் அது தன்னுடையதாகாது. வனத்துறைக் காவலனைத்தான் வயலுக்கு அழைத்து வரும். ஆகவே அது சிறிதாக இருக்கும்போதே பிடுங்கி எறிவதே அவனுக்கு அறிவுடைமையாகப் பட்டது. மரத்தைக் காக்க எழுந்த சட்டமே மரத்தின் பகையாயிற்று.

1980களின் தொடக்கத்தில் நைஜரின் மராடி வட்டாரத்தில் நிலைமை மாறத் தலைப்பட்டது. ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ என்பார், வெட்டப்பட்ட மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் உயிரோடிருப்பதைக் கண்டு, அவற்றிலிருந்து எழும் துளிர்களுள் நல்லனவற்றைத் தேர்ந்து வளர்க்குமாறு உழவரை ஊக்கினார். நாற்றும் வேண்டா; பெரும் பொருளும் வேண்டா. காலப்போக்கில் வனத்துறையின் கெடுபிடி தளர்ந்து, தம் வயலின் மரம் தமக்கே என்னும் நம்பிக்கை உழவரிடையே வேரூன்றியது. அதன்பின் ஊர்விட்டு ஊர் அம்முறை பரவியது. ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டர் பரப்பில் 20 கோடி மரங்கள் வளர்ந்தன என்பது பின்னாளில் ஆய்வாளர் தந்த மதிப்பீடு. வேர்கள் முன்பும் மண்ணுக்குள் இருந்தன. அவற்றை வளரவிடத் தூண்டும் உரிமையே இல்லாதிருந்தது.

பொதுமை பாழாகுமா?

இதற்கு மறுப்புரைப்போர் உளர். பலருக்குப் பொதுவான பொருளை ஒவ்வொருவனும் தன்னால் இயன்ற மட்டும் சுரண்டுவான். தான் அடங்கியிருந்தால் பிறன் எடுத்துக்கொள்வான் என்று அஞ்சுவான். முடிவில் அப்பொருள் அழியும் என்பது அவர் கூற்று. 1968ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் பொது மேய்ச்சல் நிலத்தை உவமையாக்கி இவ்வாதத்தை வலியுறுத்தினார். ஒன்று அரசு கைக்கொள்ள வேண்டும், அன்றேல் தனியார்க்குப் பங்கிட வேண்டும் என்பதே அவ்வாதத்தைப் பின்பற்றியோர் கண்ட முடிவு.

ஆயின், ஹார்டின் காட்டிய மேய்ச்சல் நிலத்தில் ஆயர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. அவர்களுக்குக் கூட்டமில்லை, விதியில்லை, பழிக்கு அஞ்சும் நாணமில்லை. அது பொதுச் சொத்தின் படமன்று. உடையவரே இல்லாத சொத்தின் படம். எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் உலகின் பல பகுதிகளில் மீன்பிடி நீர்நிலைகள், பாசன வாய்க்கால்கள், காடுகள் ஆகியவற்றை ஊரார் தாமே விதி வகுத்து நெடுங்காலம் காத்து வந்ததை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். எல்லை தெளிவாக இருத்தல், விதியை அதற்குட்பட்டோரே வகுத்தல், மீறுவோர்க்குப் படிப்படியான தண்டனை, ஊராரின் ஏற்பாட்டை அரசு மதித்தல் முதலியன இருக்குமிடத்துப் பொதுமை நிலைக்கும் என்று அவர் காட்டினார். 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஊரார் கையில் ஒரு காடு

ஏட்டில் கண்ட இவ்வுண்மை நாட்டில் விளங்கிய இடம் தான்சானியாவின் பாபாட்டி மாவட்டத்திலுள்ள டுரு-ஹைத்தெம்பா காடு. அதன் பரப்பு ஏறத்தாழ 9,000 ஹெக்டர். அதனைச் சூழ்ந்து எட்டு ஊர்கள் உள்ளன. அதை அரசுக் காப்புக்காடாக அறிவிக்கும் ஏற்பாடு நடந்தபோது மக்கள் எதிர்த்தனர். அத்துடன், நாளை நம்முடையதாக இராத காட்டிலிருந்து இன்றே இயன்றதை எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணமும் பரவியது. வெட்டுதல் மிகுந்தது.

1990களின் நடுப்பகுதிக்குள் அதிகாரிகள் அத்திட்டத்தைக் கைவிட்டு, காட்டை நீங்களே காப்பீர்களா என்று ஊராரிடமே கேட்டனர். ஊரார் கூடிப் பேசினர். காட்டின் எந்தப் பகுதி எந்த ஊரின் பொறுப்பு என்று எல்லை வகுத்தனர். நலிந்த பகுதிகளை மூடினர். கரி சுடுவதைத் தடுத்தனர். தம்முள்ளிருந்தே காவலரைத் தேர்ந்தனர். தண்டத்தொகையை ஊர் விதியாக எழுதி வைத்தனர். அண்மைவரை கோடரியோடு நுழைந்த கைகளே காவலுக்கு நின்றன.

இங்கே மனித இயல்பு ஒரே இரவில் மாறிவிட்டதா? இல்லை. அம்மக்கள் முன்பு கயவராகவும் பின்பு சான்றோராகவும் இருந்தாரல்லர். பறிபோகும் பொருளை எவரும் பேணார். தம்மிடம் தங்கும் பொருளை எவரும் பாழாக்கத் தயங்குவர். ஒழுக்கத்தை எதிர்பார்ப்பவர் முதலில் அவ்வொழுக்கம் தழைப்பதற்குரிய நிலையை அமைத்துத் தர வேண்டும்.

அதே நாட்டின் ஷின்யாங்கா வட்டாரமும் இவ்வுண்மையை உரைக்கும். சுகுமா மக்கள் கோடைக்காலத் தீவனத்திற்காக ஒரு பகுதி நிலத்தை அடைத்து, புல்லும் மரமும் வளரவிடும் வழக்கமுடையவர். அதனை ‘இங்கித்திலி’ என்பர். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ட்செட்சே ஈயை ஒழிப்பதற்காக அங்கே காடுகள் அழிக்கப்பட்டன. 1970களில் மக்கள் புதிய ஊர்களில் குடியமர்த்தப்பட்டபோது பழைய அடைப்பு நிலங்களும் கைவிடப்பட்டன. 1986ஆம் ஆண்டு மண்காப்புத் திட்டம் ஒன்று தொடங்கியபோது எஞ்சியிருந்தது 600 ஹெக்டர் அளவே. அத்திட்டம் புதுமை எதனையும் திணியாமல் அப்பழைய வழக்கத்தையே உயிர்ப்பித்தது. 2004ஆம் ஆண்டளவில் 800க்கும் மேற்பட்ட ஊர்களில் 3 இலட்சம் ஹெக்டருக்கும் மேலாக அது பரவியிருந்தது. பட்டறிவை அறியாமை என்று இகழ்ந்த காலத்தில் நிலம் வறண்டது. அதனையே அறிவென்று மதித்த காலத்தில் நிலம் தளிர்த்தது.

உரிமையற்ற கடமை

இவ்வெற்றிகளைக் கண்ட அரசுகள் பல, ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் சொல்லைத் தம் சட்டங்களில் எழுதிக்கொண்டன. ஆனால் பங்கேற்பு என்பது எதில் பங்கேற்பது? உழைப்பில் மட்டுமா, பயனிலுமா, முடிவெடுப்பதிலுமா? அறத்தின் உரைகல் இவ்விடத்தில்தான் உள்ளது.

தான்சானியாவின் 2002ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் இரு வழிகளை வகுத்தது. ஒன்று, ஊர் நிலத்திலுள்ள காட்டை ஊராரே உடைமையாகக் கொண்டு ஆளுதல். அதில் வரும் வருவாயும் ஊர்க்கே. மற்றொன்று, அரசின் காப்புக்காட்டை அரசும் ஊராரும் ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்து பேணுதல். இரண்டாம் வழியில் பயனை எவ்வாறு பகிர்வது என்பது நெடுங்காலம் உறுதி செய்யப்படாமலே கிடந்தது. ஊரார் இரவும் பகலும் ரோந்து சுற்றினர். கள்ளர் பகையைத் தேடிக்கொண்டனர். விறகு, காளான், தேன் போன்ற சிறு பயன்களே அவர்களுக்குக் கிட்டின. விலை மிகுந்த மரத்தின் பயன் எட்டாப் பொருளாயிற்று.

ஒரு மாணவனை வகுப்புத் தலைவனாக்கி, அவனிடம் ஒழுங்கு காக்கும் பொறுப்பைக் கொடுத்து, அவன் சொல்லுக்கு எவ்வித மதிப்பும் இல்லாமற் செய்யும் ஆசிரியர் அவனுக்குப் பொறுப்பைக் கற்பிப்பதில்லை, வெறுப்பைக் கற்பிக்கிறார். உரிமையை மறுத்துக் கடமையை மட்டும் சுமத்துவதற்குப் பங்கேற்பு என்று பெயரிடலாகாது. அது கூலியில்லாக் காவல்.

முதல் வழியின் பயனைக் கில்வா மாவட்டத்தில் காணலாம். அங்கே ‘இம்பிங்கோ’ என்னும் கருமரம் வளர்கிறது. தமிழிசை மேடைகளில் ஏ.கே.சி. நடராஜன் புகழ்பெறச் செய்த கிளாரினெட் குழலைச் செய்வதற்குப் பெரிதும் விரும்பப்படும் மரம் அதுவே. உலகின் இசையரங்குகளுக்குக் குழல் தந்த அம்மரத்தால் அது வளர்ந்த ஊர்கள் கண்ட பயன் மிகச் சிறிது. பின்னர் ஊர்கள் தம் காட்டைச் சட்டப்படி உடைமையாக்கி, எத்தனை மரம் வெட்டலாம் என்று அளவும் வரையறுத்துக்கொண்டன. 2009ஆம் ஆண்டு, நெறிப்படி பேணப்படும் காடு என்னும் பன்னாட்டுச் சான்றிதழும் பெற்றன. ஆப்பிரிக்காவில் ஊராரால் பேணப்படும் இயற்கைக் காட்டிற்கு அத்தகைய சான்றிதழ் கிடைத்தது அதுவே முதன்முறை.

ஊருக்குள் நீதி

அவ்வாறாயின் காட்டை ஊரார் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் நிறைவெய்துமா? ‘ஊரார்’ என்னும் சொல் இனிமையானது; அதனாலேயே ஏமாற்றவும் வல்லது. ஊரில் வலியவரும் உளர், எளியவரும் உளர். நிலமுடையார், இல்லார், முன்குடி, பின்குடி, ஆடவர், பெண்டிர் என்னும் வேறுபாடுகள் அங்கும் உண்டு. வலியவர் சிலர் ஊரின் பெயரால் கையெழுத்திட்டால், பழைய ஒரு திருடனுக்குப் பதிலாகப் புதிய பல திருடர் தோன்றுவர்.

கேமரூன் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 5,000 ஹெக்டர் வரையிலான காட்டை 25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஊர் பெற்று நிருவகிக்க வகை செய்தது. நோக்கம் நன்று. ஆனால் அதற்கு வேண்டிய திட்ட வரைவுகளும் ஆவணங்களும் எளிய மக்களால் தாமே முடிக்கத்தக்கன அல்ல, பொருட்செலவும் மிகுதி. ஆகவே நகரத்துச் செல்வாக்குடையோரும் மரவெட்டு நிறுவனத்தாரும் உதவி செய்பவராக உள்ளே நுழைந்து பயனைக் கொண்டுசென்ற இடங்கள் பல. காட்டையே வாழ்வாகக் கொண்டு வேட்டையாலும் தேனாலும் பிழைத்த பாக்கா மக்களுக்கோ, நிலைத்த ஊரும் உழுத நிலமும் இல்லாமையால், அவ்வேற்பாட்டில் உரிய இடம் கிட்டவில்லை. காட்டை எவரினும் நன்கறிந்தவர் காட்டைப் பற்றிய கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றனர்.

பெண்டிர் நிலையும் அத்தகையதே. விறகும் தண்ணீரும் கொண்டுவரும் சுமை அவர்கள் தலைமீது. முடிவெடுக்கும் அவை ஆடவர் கையில். ஒரு பகுதியை மூடுவது என்று அவை முடிவு செய்தால், அதற்காக இன்னும் தொலைவு நடப்பவள் அவ்வவையில் இல்லாதவளே. 1977ஆம் ஆண்டு கென்யாவில் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய் இவ்வுண்மையை உணர்ந்தவர். மரம் வளர்க்கக் காட்டியல் கற்றவர் வேண்டும் என்று வல்லுநர் கூறியபோது, பயிர் விதைக்கத் தெரிந்த உழவப் பெண்களுக்கு மரம் விதைக்கவும் தெரியும் என்று அவர் காட்டினார். அப்பெண்கள் நட்ட மரங்கள் கோடிக்கணக்கில் பெருகின. 2004ஆம் ஆண்டு அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, காட்டைக் காப்பதும் நீதியைக் காப்பதும் ஒரே பணி என்பதை உலகம் ஒப்புக்கொண்டது எனலாம்.

காப்பின் பெயரால் கொடுமை

இதற்கு நேர்மாறான பிழையும் ஒன்றுண்டு. காட்டைக் காக்கிறோம் என்று சொல்லிக் காட்டு மக்களையே வெளியேற்றுவது அது. கென்யாவின் மாவ் காட்டில் நெடுங்காலமாக வாழ்பவர் ஓகியெக் மக்கள். மரக்கிளைகளில் கூடு வைத்துத் தேன் எடுப்பது அவர் தொழில். 2009ஆம் ஆண்டு, 30 நாளில் காட்டை விட்டு நீங்க வேண்டும் என்று அவர்களுக்கு அரசு ஆணை பிறப்பித்தது. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கவே அவ்வாணை என்பது அரசின் வாதம்.

வழக்கு ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தது. 2017ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் அந்நீதிமன்றம் ஓகியெக் மக்களின் உரிமைகள் பல மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. காட்டின் அழிவுக்கு அவர்களே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. 2022ஆம் ஆண்டு இழப்பீடு வழங்கவும் அவர்கள் மூதாதையர் நிலத்திற்கு உரிமைப் பட்டயம் அளிக்கவும் ஆணையிட்டது. எனினும் 2023ஆம் ஆண்டு நவம்பரில் மாவ் காட்டின் ஒரு பகுதியிலிருந்து அம்மக்களுள் பலர் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். தீர்ப்புக்கும் நடப்புக்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை.

மேலான ஒரு நோக்கத்திற்காக ஒரு சிலர் துன்புறுவது தகும் என்பார் உண்டு. அத்துன்பத்தை அவர்கள் தாமாக ஏற்றிருந்தால் அது தியாகம். பிறர் அவர்கள்மீது சுமத்தினால் அது கொடுமை. நகரத்தில் குளிர்ந்த அறையில் இருந்துகொண்டு, காட்டில் வாழ்பவன் உலக நலத்திற்காகத் தன் வீட்டை இழக்கட்டும் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. உலகின் காற்று தூய்மையுற ஆப்பிரிக்கக் காடு வேண்டுமென்றால், அதன் விலையில் பெரும்பங்கு அதிகம் நுகர்ந்தவரையும் அதிகம் மாசுபடுத்தியவரையும் சார வேண்டும். குறைவாக எடுத்தவனிடம் மட்டும் நிறைவாகக் கேட்பது எந்த அறநூலுக்கும் ஏற்புடையதன்று.

நம்பிக்கை வளரும் வழி

அரசு விலகிக்கொள்ள வேண்டும் என்பது இதன் கருத்தன்று. பயிருக்கு வேலி வேண்டும். வேலியே பயிரை மேய்தல் மட்டும் கூடாது. வெளியிலிருந்து வரும் பெரிய மரக்கொள்ளையரை எதிர்த்து நிற்க ஓர் ஊரால் இயலாது. அங்கே அரசின் கை தேவை. ஊருக்குள் எளியவரின் குரல் ஒடுக்கப்படும்போது முறையீடு கேட்கவும் அரசு தேவை. எனவே அரசு உடையவனாக நில்லாமல் நடுவனாக நிற்க வேண்டும்.

காம்பியா என்னும் சிறுநாடு இதற்கு ஒரு நல்ல முறையை வகுத்தது. அங்கே ஊரார் முதலில் மூன்றாண்டு ஒரு காட்டைப் பொறுப்பேற்றுப் பேணுவர். அக்காலத்தில் அவர்தம் திறமும் ஒற்றுமையும் வெளிப்படும். பின்னர் அக்காட்டின் உரிமை அவ்வூருக்கு நிலையாக மாற்றித் தரப்படும். இக்கொள்கைக்கு 2011ஆம் ஆண்டு பன்னாட்டு அளவில் எதிர்காலக் கொள்கைக்கான வெள்ளிப் பரிசும் கிடைத்தது. தேர்வு உண்டு, ஆனால் தேறியபின் பட்டமும் உண்டு. ஆண்டுதோறும் தேர்வு வைத்துப் பட்டமே தராத ஏற்பாடுகளினின்றும் இது வேறுபட்டது.

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். காவலைச் சுமப்பவர்க்கு எளிதில் பறிக்கலாகாத உரிமை வேண்டும். உரிமை பெற்றவர் கணக்குக் காட்டும் கடமையினின்றும் நழுவலாகாது. அவ்வுரிமையும் கடமையும் ஊரின் கடைசி மனிதரையும் எட்ட வேண்டும். இம்மூன்றில் முதலாவது இல்லையேல் காவல் அடிமைத்தனமாகும். இரண்டாவது இல்லையேல் உரிமை கொள்ளையாகும். மூன்றாவது இல்லையேல் ஊர் என்பதே பொய்யாகும்.

இம்பிங்கோ மரம் வெட்டும் பருவம் எய்த அரை நூற்றாண்டுக்கு மேலாகும். இன்று அதன் கன்றைத் தீயினின்றும் காப்பவன் அதன் விலையைக் காணமாட்டான். பின் எதற்காக அவன் காக்க வேண்டும்? அம்மரம் நிற்கும் மண் தன் பேரனுக்கும் உரியதாகவே இருக்கும் என்று அவன் நம்பினால் காப்பான். அந்நம்பிக்கை இல்லையேல் காவான். ஆப்பிரிக்கக் காடுகளின் எதிர்காலம் அந்த ஒரு நம்பிக்கையைப் பொறுத்தே உள்ளது. அதை அவனுக்கு அளிக்க வேண்டியது சட்டத்தின் பொறுப்பு. அளித்தபின் அதை மீறாதிருக்க வேண்டியது ஆள்வோரின் பொறுப்பு.